கணினிக்கு ஏற்ற ஹெட்போனும் மைக்கும்

கேள்வி: வீட்டுக் கணினி வழியாக மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். புளூடூத் ஹெட்போனில் பாட்டு தெளிவாகக் கேட்கிறது; வகுப்பு தொடங்கியதும் ஒலி மங்கிவிடுகிறது. மின்விசிறியின் இரைச்சலும் மாணவர்களுக்குக் கேட்கிறதாம். எவற்றை வாங்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் ஹெட்போனில் பழுது இருக்க வாய்ப்பில்லை. அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் புளூடூத் இணைப்பு, இசைக்கான ஸ்டீரியோ முறையைக் கைவிட்டு, தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு மாறிவிடுகிறது. அம்முறையில் ஒலியின் மேல் அதிர்வெண்கள் பெரும்பாலும் வெட்டப்படுகின்றன. கணினியின் ஒலி அமைப்பில் வேறொரு மைக்கைத் தேர்ந்தெடுத்தாலே இக்குறை நீங்கும்.

புதிதாக வாங்குவதானால், காதை முழுவதும் மூடும், கம்பியுள்ள ஹெட்போனே என் பரிந்துரை. திறந்த வகையில் ஒலி வெளியே கசிந்து மைக்கில் புகும். மின்தடை 32 ஓம் அளவில் இருந்தால் கணினியே அதை இயக்கிவிடும். 250 ஓம் வகைக்குத் தனிப் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) தேவைப்படலாம்.

மைக்கில்தான் கூடுதல் கவனம் வேண்டும். முன்பக்க ஒலியை மிகுதியாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் ஏற்கும் கார்டியாய்டு வகை டைனமிக் மைக்கை (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்குவது), யுஎஸ்பி இணைப்புடன் வாங்குங்கள். விலையைவிட அதை வைக்கும் இடமே முக்கியம்: வாய்க்கும் மைக்குக்குமான தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும், விசிறியின் இரைச்சலோ அப்படியே இருக்கும். ஆகவே ஒரு சாண் தூரத்துக்குள், வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில், மைக்கின் பின்புறம் விசிறியை நோக்கும்படி பொருத்துங்கள்.