முதலில் சாப்பாட்டை எழுதுங்கள்

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை மகளோடு வந்தபோது நீங்கள் விட்டுப்போன தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. கொழும்பு வேலைக்கான மாதக் கணக்கைப் பிள்ளை பென்சிலால் எழுதியிருக்கிறாள். வாடகை 25,000. மின்சாரமும் தண்ணீரும் 2,500. போக்குவரத்து 7,000. தொலைபேசி 1,500. வீட்டுக்கு 10,000. சாப்பாடு 6,000. சாப்பாட்டு வரியில் மட்டும் தாள் தேய்ந்து மெலிந்துபோயிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதலில் 15,000 என்று எழுதி அழித்திருக்கிறாள். பிறகு 11,000 என்று எழுதி அதையும் அழித்திருக்கிறாள். மற்றச் செலவுகள் ஏற ஏற, பிள்ளை தன் சோற்றில் கைவைத்திருக்கிறாள். நாளுக்கு 200 ரூபாயில் மூன்று வேளை சாப்பிடக் கொழும்பில் வழியில்லை, அக்கா.

வேலையை ஏற்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக ஏற்கலாம். கணக்கியல் டிப்ளோமா முடித்த கையோடு கிடைத்த நல்ல வேலை. கணக்கை மட்டும் வேறு வரிசையில் எழுதுவோம்.

வேலைக் கடிதத்தில் மாதச் சம்பளம் 60,000 என்று இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 4,800 கழிந்தால் கைக்கு வருவது 55,200. நிறுவனம் தன் பங்காக 12 வீதம் சேமலாப நிதிக்கும், 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்ட வேண்டும். அது பிள்ளையின் பிற்காலத்துக்கு. 60,000இல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஒழுங்காக வேலைக்கு வருவதற்குத் தரும் வரவுக் கொடுப்பனவு எவ்வளவு என்று பிள்ளையை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சில இடங்களில் நாலு நாள் பிந்திப் போனாலே வரவுக் கொடுப்பனவை வெட்டிவிடுவார்கள். அறை எங்கே எடுப்பது என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் ஒன்றுவிட்ட தம்பி இருப்பதால் வெள்ளவத்தை என்று முடிவுசெய்திருக்கிறீர்கள். தமிழ்க் கடைகள், கோயில், தெரிந்த முகங்கள், பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நீங்கள் யோசித்ததில் பிழையில்லை. அலுவலகம் கொள்ளுப்பிட்டியிலோ பம்பலப்பிட்டியிலோ இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். காலி வீதியில் 100, 101ஆம் இலக்க பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கடற்கரையோரமாக ரயிலும் உண்டு. ஆனால் பிள்ளையின் அலுவலகம் தெமட்டகொடையில். வெள்ளவத்தையில் ரயிலேறி, கோட்டை நிலையம் கடந்து, மருதானையும் கடந்து போக வேண்டும். நேரே போகும் ரயில் தவறினால் இடையில் மாற வேண்டும். ரயில் பிந்திய நாளில் பஸ்ஸோ முச்சக்கரவண்டியோ பிடிக்க வேண்டும். அவள் எழுதிய 7,000 அப்படித்தான் வந்திருக்கிறது. ஆளை நசுக்கும் நெரிசலில் காலையும் மாலையும் நின்று வரும் களைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

கொட்டாஞ்சேனையிலும் தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள், கோயில்களும் இருக்கின்றன. அங்கிருந்து தெமட்டகொடை சில கிலோமீற்றர்தான். அங்கே இன்னொரு பெண்ணோடு பகிரும் அறை 14,000க்கு இருப்பதாக மகள் சொன்னாள். நீங்கள் அந்தப் பேச்சை வளரவிடவில்லை. அதை மறுபடி எடுங்கள். கன்னியர் மடங்கள் நடத்தும் பெண்கள் விடுதிகளையும் விசாரிக்கலாம். ஆனால் இரவு எத்தனை மணிக்கு வாசல் பூட்டுவார்கள் என்று முதலில் கேளுங்கள். கணக்குப் பிரிவில் மாதக் கடைசி நாட்களில் இருட்டிய பிறகும் வேலை இருக்கும்.

இப்போது என் வரிசையைப் பாருங்கள். முதலில் சாப்பாடு 18,000. மதியப் பார்சல், காலையும் இரவும் அறையிலேயே ஏதாவது சமைப்பது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அடுத்தது அலுவலகப் போக்குவரத்து 3,000. மூன்றாவது, மாதம் ஒருமுறை திருகோணமலைக்கு வந்து போக 4,000. இதை ஆடம்பரமாக எண்ண வேண்டாம். வீடு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கும்போது, இரவு ரயிலில் வந்து இரண்டு நாள் உங்கள் கையால் சாப்பிட்டுப் போவதுதான் பிள்ளையை அந்த வேலையில் நிலைக்க வைக்கும். இந்த மூன்றும் 25,000. மிச்சம் 30,200. அறை 14,000, மின்சாரம் 1,500, தொலைபேசி 1,500 போக, 13,200 கையில் நிற்கும். சவர்க்காரம், மருந்து, உடுப்பு, சேமிப்பு எல்லாம் அதற்குள்.

வீட்டுக்கு 10,000 எங்கே என்று கேட்பீர்கள். முதல் ஆறு மாதத்துக்கு அந்த வரியை நான் எழுதவில்லை. பிள்ளையின் தம்பிக்கு ரியூஷன் காசு கட்ட நீங்கள் படும் பாடு தெரிந்தும்தான் இதைச் சொல்கிறேன். நானும் இருபத்திரண்டு வயதில் அதே இரவு ரயிலில் கொழும்புக்குப் போனவள். மதியச் சாப்பாட்டை விட்டு மிச்சம்பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். நான்காம் மாதம் மருதானை ரயில் மேடையில் மயங்கி விழுந்தேன். அனுப்பியதைவிடக் கூடுதலாக அம்மா வைத்தியத்துக்குச் செலவழித்தார்.

காப்பை அடைவு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வெள்ளவத்தை அறைக்கு மூன்று மாத முற்பணம் 75,000, முதல் மாத வாடகை 25,000, ஆக ஒரு இலட்சம் முதல் சம்பளத்துக்கு முன்பே தேவை. கொட்டாஞ்சேனையில் இரண்டு மாத முற்பணம் கேட்கிறார்கள். அது 28,000, வாடகையோடு 42,000. முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஒரு 25,000 சேர்த்தாலும் 67,000தான். உங்கள் சீட்டுக் காசு அடுத்த மாதம் வருவதால், வேலையில் சேரும் நாளை மாதத் தொடக்கத்துக்குத் தள்ளித் தர முடியுமா என்று நிறுவனத்தைக் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் இரண்டு வாரம் கொடுப்பார்கள். காப்பு கையிலேயே இருக்கட்டும்.

அறைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. முற்பணத்தை மாதாமாதம் வாடகையில் கழிப்பார்களா, போகும்போது திருப்பித் தருவார்களா? எதுவானாலும் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வேண்டும். அடுத்தது மின்சாரம். அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடும். முழு வீட்டுக்கும் ஒரே மானி என்றால், கீழ்வீட்டுக் குளிரூட்டியின் சுமை உங்கள் மகளின் தலையிலும் விழும். தனிமானி உண்டா, அலகுக்கு எவ்வளவு எடுப்பார்கள் என்று இப்போதே கேட்டுவிட வேண்டும்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு இருவரும் வாருங்கள். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு இங்கிருந்தே அழைப்பு எடுத்துப் பேசுவோம். பிள்ளையைப் பேனை கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த முறை சாப்பாட்டு வரியைப் பேனையால்தான் எழுத வேண்டும்.