அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஐந்தரை வயது. பேச்சு பிந்தியதால் பேச்சுச் சிகிச்சை பெறுகிறான். நாம் சொல்வதெல்லாம் அவனுக்கு விளங்கும். அரச பாடசாலையொன்றில் தரம் 1 இற்குச் சேர்க்கச் சென்றபோது எல்லோர் முன்னிலையிலும் 'ஊமைப் பிள்ளை' என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். 19 நாட்களாகின்றன. இப்போது விசேட கல்விப் பிரிவுள்ள வேறு பாடசாலைக்கு அனுப்புவதாகக் கூறி ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வழக்குத் தொடரலாமா?

பதில்: சகோதரி, அந்தச் சொல் கொடியது. ஆனால் அதைச் சொன்னவரைத் தண்டிப்பதால் பிள்ளைக்கு இடம் கிடைக்காது. பிள்ளையின் பேச்சைக் காரணமாகக் காட்டி அனுமதி மறுத்தார்கள் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது, அது எந்தத் திகதியில் நடந்தது என்பவைதான் சட்டத்துக்கு வேண்டும்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை, மறுப்பு நடந்து ஒரு மாதத்துக்குள் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வலயக் கல்விப் பணிமனைக்கு மேன்முறையீடு செய்துவிட்டு, 'பார்க்கிறோம்' என்ற பதிலை நம்பிக் காத்திருந்து, அந்த மாதம் கடந்த பின்னர் என்னிடம் வந்த பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். மேன்முறையீடு காலத்தை நிறுத்தாது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆயினும் முறைப்பாட்டைக் கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை நடைபெறுவதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியுள்ளது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவும் பாடசாலை அனுமதியில் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளி யார் என்பதற்கு அச்சட்டம் தரும் வரைவிலக்கணம் குறுகியது. 'பிள்ளைக்குக் குறையேதும் இல்லை' என்று பாடசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்பது மிகக் கடினம்.

எல்லாவற்றிலும் நான் அஞ்சுவது உங்களிடம் நீட்டப்பட்ட கடிதத்தைத்தான். 'பெற்றோரின் விருப்பத்தின் பேரில் வேறு பாடசாலைக்குச் செல்கிறார்' என்ற ஒரு வரி அதில் இருந்து, அதன் கீழ் உங்கள் கையெழுத்தும் இருந்தால், மறுப்பு என்ற ஒன்று நடக்கவே இல்லை என்றாகிவிடும். பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் அதைச் சரிசெய்வது அரிது.

வெளிப்படையாகச் சொல்கிறேன், இயன்றால் இணக்கத்துக்குப் போங்கள். வழக்கு முடியும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. சாதாரண வகுப்பில் அனுமதி, சிகிச்சை நாட்களில் விடுப்பு, ஒரு தவணைக்குப் பின் சிகிச்சையாளரின் அறிக்கையோடு மீளாய்வு என்று எழுத்தில் தந்தால், மன்னிப்புக் கேட்கவில்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள். விசேட கல்விப் பிரிவே பொருத்தம் என்று சிகிச்சையாளர் எழுதினால் அதையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த முடிவு அதிபருடையதாக இருக்கக்கூடாது.

நாளைக் காலையே, மறுக்கப்பட்ட திகதியையும் சொல்லப்பட்ட காரணத்தையும் குறிப்பிட்டு அதிபருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பிரதியிடுங்கள். அவர்கள் பதில் தராவிட்டாலும் அந்தத் தபால் பற்றுச்சீட்டு உங்களுக்கு உதவும்.