துபாய் வேலைக்கு வர்றவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் 2008ல துபாய் வந்தவன், சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். ஒரு காண்ட்ராக்டிங் கம்பெனில சம்பளக் கணக்கு பாக்குறேன், விசா, லீவு, ஃபைனல் செட்டில்மெண்ட் எல்லாம் தினமும் என் மேசைக்கு தான் வருது. ரெண்டு நாளா வந்த கேள்விங்களுக்கு பதில் கீழ இருக்கு.

ராமநாதபுரம், ஏசி டெக்னீசியன்: அண்ணே, ஏஜென்ட் ஒன்னே கால் லட்சம் கேக்குறாரு, முதல்ல விசிட் விசால போயிடு அங்க போய் மாத்திக்கலாம்னு சொல்றாரு. போலாமா?

வேணாம் தம்பி. விசிட் விசால வேலை செய்றது இங்க சட்டப்படி குத்தம். ரெண்டு மாசம் வேலை வாங்கிட்டு சம்பளம் இல்லன்னு சொன்னா நீ புகார் குடுக்க உன் பேர்ல ஒரு காண்ட்ராக்ட் கூட இருக்காது, என் மேசைக்கு முன்னாடி அப்படி வந்து நின்ன பசங்கள நிறைய பாத்துருக்கேன், பாதிப் பேர் அம்மா நகைய வச்சு தான் வந்துருப்பானுங்க. ஆள் எடுக்குற செலவு, விசா செலவு கம்பெனியோடதுன்னு இங்க சட்டமே இருக்கு. நம்ம பக்கம் பதிவு பண்ண ஏஜென்ட் வாங்கலாம்னு இருக்கறது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தான். இந்திய அரசோட இமைகிரேட் சைட்ல அந்த ஏஜென்ட் பேர் இருக்கான்னு பாரு, இல்லன்னா பேச்ச அதோட நிறுத்திக்க. உன் பாஸ்போர்ட் ஈசிஆரா, அதாவது வெளிநாட்டு வேலைக்கு போக அரசு அனுமதி வாங்கணும்னு இருக்கற பாஸ்போர்ட்டா இருந்தா பிரவாசி பாரதிய பீமா இன்சூரன்ஸ் போடாம ஏறாத, ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபா, விபத்துக்கு 10 லட்சம் கவர்.

கோயம்புத்தூர், அக்கவுண்டன்ட்: சார், ரெண்டு ஆஃபர் இருக்கு, ரெண்டுமே 5000 திர்ஹம். எத எடுக்கறது?

பேசிக், அதாவது அலவன்ஸ் எல்லாம் சேக்காத அடிப்படை சம்பளம், எவ்வளவுன்னு ரெண்டு கம்பெனிட்டயும் கேளுங்க. மொத்தத்த மட்டும் பாத்து கையெழுத்து போடுறது தான் நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பு. வேலைய விட்டு போகும்போது கம்பெனி குடுக்கற கிராஜுவிட்டி முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதுக்கு மேல போற ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். பேசிக் 2000னா வருஷம் 1400, 3000னா 2100. 5 வருஷத்துல 7000க்கும் 10,500க்கும் உள்ள வித்தியாசம், ரெண்டு பேரும் அதே நாற்காலில அதே வேலை பாத்துட்டு. வேலை போனா வர்ற இன்சூரன்ஸ் பணமும் பேசிக்ல 60 சதவீதம் தான், அதுவும் அதிகபட்சம் 3 மாசம். இங்க பிஎஃப் கெடையாது, பென்ஷன் கெடையாது, போகும்போது கைல வர்றது அந்த கிராஜுவிட்டி மட்டும் தான், அதனால ஹவுசிங் அலவன்ஸ் பெருசா போட்டு பேசிக்க சுருக்குற ஆஃபர்ல பேசி மாத்த சொல்லுங்க. இன்கம் டாக்ஸ் இல்ல, அது உண்மையிலேயே பெரிய லாபம், ஆனா மிச்சம் புடிச்சா தான் லாபம்.

திருச்சி, ஹவுஸ் வைஃப்: அண்ணா, அவர் மட்டும் இருக்கட்டுமா, பிள்ளைங்கள கூட்டிட்டு நாங்களும் போலாமா?

தங்கச்சி, குடும்ப விசாக்கு அவருக்கு 4000 திர்ஹம் சம்பளம், இல்ல 3000த்தோட கம்பெனி வீடு இருந்தா போதும்னு ரூல். ஆனா அந்த 4000ல குடும்பம் நடத்த முடியாது. வீட்டு வாடகை மாசா மாசம் இல்ல, வருஷத்துக்கு நாலு செக், சில ஓனர் ரெண்டே செக் கேப்பாங்க, தேதி போட்டு முன்னாடியே குடுக்கணும். அப்பறம் ஸ்கூல் ஃபீஸ், பஸ் ஃபீஸ். வாடகை கம்மின்னு ஷார்ஜால இருந்து துபாய் வேலைக்கு போறவங்க எங்க ஆபீஸ்லயே ஆறு பேர், காலைல ட்ராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் நின்னு வர்றாங்க, ராத்திரி வீட்டுக்கு போறப்ப பிள்ளை தூங்கிடுது. இப்படின்னாலும் முடிஞ்சா சேந்து இருங்கன்னு தான் சொல்வேன். நான் முதல் 6 வருஷம் தனியா பெட் ஸ்பேஸ்ல, பல பேர் தங்குற ரூம்ல ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து இருந்தேன், என் பொண்ணு ஏர்போர்ட்ல என்ன பாத்துட்டு அம்மா முந்தானைக்கு பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. அந்த வருஷங்கள எந்தப் பணமும் திருப்பித் தரல. ஒன்னு மட்டும் கவனம், ஊருக்கு வந்து தொடர்ந்து 6 மாசத்துக்கு மேல தங்கிட்டா உங்க விசா போயிடும்.

சேலம், இன்ஜினியர்: ஒரே பையன் சார் நான். அப்பா அம்மாவ விட்டுட்டு வரவே பயமா இருக்கு.

பயப்படறது நியாயம் தான் தம்பி. 2023ல ஒருநாள் இங்க காலைல 4 மணிக்கு அம்மா போன், ஊர்ல அஞ்சரை. அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாரு. திருச்சிக்கு நாலு மணி நேர ஃபிளைட் தான், பஸ்ல சென்னைலேர்ந்து ஊருக்கு போறதவிட கம்மி, ஆனா டிக்கெட் கெடச்சு, லீவு சொல்லி, நான் போய் சேந்தப்ப மறுநாள் காலைல ஆயிடுச்சு. ஐஸ் பெட்டில தான் பாத்தேன். அப்பா அம்மா தவறினா இங்க சட்டத்துல இருக்கறது 3 நாள் லீவு, மிச்ச காரியத்துக்கு என் ஆண்டு லீவ எடுத்துக்கிட்டேன்.

வராதன்னு சொல்லல. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ மொத்தமா லீவ சேத்து வச்சு போகாம வருஷத்துக்கு ரெண்டு தடவ பத்து பத்து நாளா போ. ஒரு டிக்கெட் பணத்த எதுக்கும் தொடாம தனியா வை. ஆஸ்பத்திரிக்கு கூட ஓட பக்கத்து வீட்லயோ சொந்தத்துலயோ ஒருத்தர இப்பவே சொல்லி வை.

தஞ்சாவூர்: நிரந்தரமா அங்கயே செட்டில் ஆகலாமா? எத்தன வருஷம் இருக்கலாம்?

நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வேலை இருக்கற வரைக்கும் தான் விசா, எத்தன வருஷம் இருந்தாலும் இதுதான். அதனால எதுக்காக வர்றோம், கடனா, வீடா, தங்கச்சி கல்யாணமா, அதுக்கு எவ்வளவு வேணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே நோட்ல எழுதிட்டு வாங்க. எழுதாம வந்தவங்க தான் இன்னும் ஒரு வருஷம் இன்னும் ஒரு வருஷம்னு 25 வருஷம் ஓட்டுறாங்க. ஊர் சேவிங்ஸ் அக்கவுண்ட்ட என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்க ஊர் வருமானத்துக்கு வச்சுக்கற அக்கவுண்ட்டா மாத்துங்க, இங்கேர்ந்து அனுப்புறத என்ஆர்இ அக்கவுண்ட்ல, அதாவது வெளிநாட்டு சம்பாத்தியத்துக்கான அக்கவுண்ட்ல போடுங்க, அந்த என்ஆர்இ வட்டிக்கு இந்தியால வரி இல்ல.

மதுரை: அண்ணே நாளான்னைக்கு ஃபிளைட். என்ன எடுத்துட்டு வரணும்?

என்ன எடுத்துட்டு வரக்கூடாதுன்னு முதல்ல கேளு. கசகசா இங்க தடை, அம்மா அரைச்ச குருமா பொடில இருந்தா கூட வச்சுட்டு வா. இருமல் மருந்து, வலி மாத்திரை எதுவா இருந்தாலும் டாக்டர் சீட்டு இல்லாம எடுக்காத, கோடீன், ட்ரமடால் இருந்தா கண்டிப்பா மாட்டுவ. சர்டிஃபிகேட் எல்லாம் ஒரிஜினலோட ஒரு செட் ஜெராக்ஸ். வாட்ஸ்அப் கால் இங்க போகாது, மெசேஜ் மட்டும் தான், அதனால போடிம் ஆப்ப இன்னைக்கே உங்கம்மா போன்ல ஏத்தி, பச்சை பட்டன அமுக்கி எடுக்க ரெண்டு தடவ பழக்கி விட்டுட்டு கிளம்பு. இறங்கினதும் ஏர்போர்ட் வைஃபைல ஒரு கால் போடு, எத்தன மணியானாலும் அவங்க முழிச்சிட்டு தான் இருப்பாங்க.