அதே ரோடு, அதே வண்டி: போக ஒரு விலை, வர ஒரு விலை ஏன்?

கேள்வி: ஜூன் 30 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து டெக்சஸின் ஆஸ்டினுக்கு வீடு மாற்றுகிறேன். 26 அடி மூவிங் டிரக்குக்கு ஒன் வே (இங்கே எடுத்து அங்கே விடுவது) விலை பார்த்தால் தலை சுற்றுகிறது. சும்மா ஊர்ப் பெயர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. ஒரே ஹைவே, ஒரே தூரம், ஒரே வண்டி. இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கிறதா தெரியாது, கணக்கு இருக்கிறது. நானும் இதே ரூட்டில் குடும்பத்தோடு போனவன்தான். எனக்கு வந்த விலை 3,100 டாலர். உங்களைப் போலவே நானும் ஊர்களை மாற்றிப் போட்டேன். 900 என்று காட்டியது. அன்று இரவு என் மனைவியிடம் "நாம தப்பான திசையில குடியிருக்கோம்" என்றேன். அவள் ரசிக்கவில்லை. பாதி வீடு அட்டைப் பெட்டிக்குள் இருந்த நேரம் அது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டியை நாலு நாள் வாடகைக்கு எடுக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். கம்பெனியின் கண்ணில் நடப்பது வேறு: அவர்களுடைய சொத்து ஒன்றை சான் ஹோசேயிலிருந்து கிளப்பி ஆஸ்டினில் கொண்டுபோய் விடுகிறோம். சான் ஹோசே லாட்டில் (கம்பெனி வண்டிகள் நிற்கும் இடம்) மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நிற்கும் டிரக்கும், ஆஸ்டின் லாட்டில் நிற்கும் டிரக்கும் அவர்களுக்கு ஒன்றல்ல. முன்னதைக் கேட்டு ஐந்து பேர் நிற்கிறார்கள். பின்னதைக் கேட்க ஆளில்லை. வண்டியைத் தேவை உள்ள இடத்திலிருந்து தேவை இல்லாத இடத்துக்கு நகர்த்தினால் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் அவர்கள் உங்களுக்குக் கொடுப்பார்கள், தள்ளுபடி என்ற பெயரில்.

எவ்வளவு கொடுப்பார்கள் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆஸ்டினில் தேங்கிய டிரக்கை வாடிக்கையாளர் யாரும் ஓட்டிவரவில்லை என்றால், கம்பெனி சம்பளத்துக்கு ஆள் வைத்துக் காலியாக ஓட்டிவர வேண்டும். தூரம் சுமார் 1,700 மைல். இந்தப் பெரிய டிரக்குகள் காலனுக்குப் பத்து மைல் ஓடினால் பெரிய விஷயம், ஆக 170 காலன். காலன் மூன்றரை டாலர் என்றால் 600. டிரைவருக்கு நாலு நாள் சம்பளம் 800, மூன்று இரவு மோட்டல், அவர் ஊர் திரும்ப ஒரு ஃப்ளைட் டிக்கெட். எல்லாம் சேர்த்தால் 1,800 டாலர் பக்கம் வந்துவிடும். இது என் குத்துமதிப்பு, ஆனால் விஷயம் விளங்கப் போதும்.

இதில் நான் வெகுநாள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. வண்டியின் தேய்மானம், இன்ஷூரன்ஸ், கம்பெனியின் லாபம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கப் பயணத்துக்கு 2,000 டாலர் நியாயமான விலை என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஆஸ்டினில் இருப்பதைவிட சான் ஹோசேயில் இருப்பது கம்பெனிக்கு 1,100 டாலர் லாபம் என்றால், உங்களிடம் அந்த 1,100-ஐக் கூட்டிக் கேட்பார்கள். எதிரே வருபவருக்கு அதே 1,100-ஐக் கழித்துக் கொடுப்பார்கள். அதாவது ஒரே தொகை இரண்டு முறை வேலை செய்கிறது. 3,100-க்கும் 900-க்கும் நடுவே 2,200 வித்தியாசம் என்று நாம் மலைக்கிறோம். அதில் பாதிதான் அசல் காரணம். இந்த 1,100 எவ்வளவு தூரம் ஏறலாம் என்றால், காலியாக ஓட்டிவரும் செலவான அந்த 1,800 வரை. அதைத் தாண்டினால் கம்பெனி சம்பள டிரைவரையே அனுப்பிவிடும். ஆகவே ஒரு பக்கம் 3,800, மறுபக்கம் 200 என்று பார்த்தாலும் அதில் மர்மம் ஒன்றும் இல்லை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 4,000. என் விலையையும் அதன் எதிர்விலையையும் கூட்டினாலும் அதே 4,000 வரும். கம்பெனி விற்பது போய்வரும் ஒரு சுற்று; அதை இரண்டு அந்நியர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் திசை தீர்மானிக்கிறது. லாரிக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. 'ரிட்டர்ன் லோடு' என்ற இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

லாரித் தொழிலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம், இங்கே டிரைவர் நீங்கள்தான். அமெரிக்காவில் வண்டியின் மொத்த எடை வரம்பு 26,001 பவுண்டிலிருந்துதான் கமர்ஷியல் லைசென்ஸ் தேவை. வாடகைக்கு விடும் 26 அடி டிரக்குகளின் மொத்த எடை வரம்பை அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் கார் தவிர எதையும் ஓட்டியிராத மென்பொருள்காரர் ஒருவர் மூன்று மாநிலப் பாலைவனத்தின் குறுக்கே, கண்ணாடியைப் பார்த்தபடி, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு போக முடிகிறது. சம்பளமில்லாத டிரைவர், பெட்ரோலும் அவர் செலவு. இந்தத் தொழிலே அவரை நம்பித்தான் நடக்கிறது. எந்தத் திசைக்கு அப்படிப்பட்டவர்கள் வரிசையில் நிற்கிறார்களோ அங்கே விலை ஏறும், எந்தத் திசைக்கு அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டுமோ அங்கே இறங்கும்.

இந்தத் தலைவலி தொழில் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1945-இல் லியோனார்ட் ஷோன், அன்னா மேரி ஷோன் தம்பதி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து போர்ட்லண்ட் போகும்போது, ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடும்படி டிரெய்லர் வாடகைக்குத் தர ஆளில்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் யூ-ஹால் என்ற வாடகை வண்டிக் கம்பெனி. ஆரம்ப நாளில், போய்ச் சேரும் ஊரில் ஒரு பெட்ரோல் பங்க்காரரைப் பேசி ஏஜென்டாக்கிக் கொடுத்த வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள். போன டிரெய்லர் அங்கேயே கிடந்து துருப்பிடிக்கக் கூடாதே!

என் கதைக்கு வருகிறேன். நான் புக் செய்தது எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு போன்: "நீங்க கேட்ட இடத்துல வண்டி இல்லை, கில்ராய் பக்கம் ஒண்ணு இருக்கு, அங்க வந்து எடுத்துக்கறீங்களா?" முப்பது மைல். காலையில் போனால் லாட்டில் நின்றது ஒரே ஒரு டிரக், கவுண்டர் முன்னால் மூன்று குடும்பம். ரிசர்வேஷன் நம்பரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் சாயங்காலம் ஆஸ்டினில் கொண்டுபோய் விட்டபோது நேர்மாறு. டிரக்குகள் கண்ணாடியோடு கண்ணாடி உரச நிற்கின்றன, இரண்டு வண்டி லாட்டுக்குள் இடமில்லாமல் பக்கத்துக் கடை வாசலில். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இடம் கிடைச்சா நிறுத்துங்க, சாவியைப் பெட்டியில போட்டுட்டுப் போங்க." ஏன் எனக்கு 3,100 என்பதற்கு அந்த இரண்டு லாட்டையும் பார்த்ததைவிட நல்ல விளக்கம் எதிலும் கிடைக்கவில்லை.

சரி, ஏன் வண்டி ஒரே பக்கமாகச் சாய்கிறது? வரி, வீட்டு விலை, வேலை என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். 2021 ஜூலையிலிருந்து 2022 ஜூலை வரையிலான ஒரே வருடத்தில் கலிஃபோர்னியா மற்ற மாநிலங்களிடம் நிகரமாக இழந்தது சுமார் 3,43,000 பேர், டெக்சஸ் பெற்றது சுமார் 2,31,000 பேர் என்கிறது சென்சஸ் பீரோ. ஆனால் யாரும் அதிகம் பேசாத இன்னொரு காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. நீங்கள் கலிஃபோர்னியாவுக்கு எப்படி வந்தீர்கள்? நான் இரண்டு சூட்கேஸோடு விமானத்தில் வந்தேன். ஒன்றில் துணி, ஒன்றில் பிரஷர் குக்கரும் பருப்புப் பொடியும். படிக்க வருகிறவர்கள், முதல் வேலைக்கு வருகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் யாரும் 26 அடி டிரக்கோடு வருவதில்லை. பத்து வருடம் கழித்துப் போகும்போது கட்டில் மூன்று, சோபா, டைனிங் டேபிள், பிள்ளைகளின் சைக்கிள், என்னிடம் கூடுதலாக ஒரு ட்ரெட்மில். வந்தவர் எண்ணிக்கையும் போனவர் எண்ணிக்கையும் சமமாகவே இருந்தாலும், டிரக் கணக்கு சாய்ந்துதான் இருக்கும். மனிதர்கள் பெட்டியோடு வருகிறார்கள், வீட்டோடு போகிறார்கள்.

அதனால்தான் இந்த விலை ஜோடிகளைக் காட்டி 'பார், மாநிலமே காலியாகிறது' என்று அரசியல் பேசுபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சலிப்பு. யூ-ஹால் வருடாவருடம் எந்த மாநிலத்துக்கு ஒன் வே டிரக்குகள் நிகரமாக அதிகம் வந்தன என்று பட்டியல் போடுகிறது. 2020 முதல் 2024 வரை ஐந்து வருடமும் கலிஃபோர்னியாதான் கடைசி. அதில் வேடிக்கை என்னவென்றால், 2021-இல் கலிஃபோர்னியாவின் இழப்பு முந்தைய வருட அளவுக்கு மோசமில்லை என்று வந்தது. ஒரு காரணமாகக் கம்பெனியே சொன்னது: வெளியே போகக் கேட்டவர்களுக்குக் கொடுக்க வண்டி கையிருப்பு இல்லை. வண்டி தீர்ந்துபோனால் போகிறவர்கள் குறைந்த மாதிரி தெரியும்! டிரக்கை எண்ணி மனிதர்களை எண்ணியதாக நினைத்தால் இப்படித்தான்.

இதே கணக்கு வேறு இடங்களிலும் உண்டு. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து கார்கள் ஃப்ளோரிடா போய்ச் சேருகின்றன. வசந்தத்தில் அவற்றை வடக்கே ஓட்டிக் கொண்டுபோக வாடகைக் கம்பெனிகள் சல்லிசான ஒன் வே விலை போடுவார்கள். கப்பல் கன்டெய்னரில் இன்னும் பெரிதாகத் தெரியும். 2021 இலையுதிர் காலத்தில் ஷாங்காயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒரு 40 அடி கன்டெய்னர் 10,000 டாலரைத் தாண்டியது, திரும்பும் திசையில் அதில் கால்வாசிகூட இல்லை. சாதாரண நாளில் அந்தக் காலித் திசை மலிவு என்பதால்தான் அமெரிக்க மேற்கு மாநிலங்களின் மாட்டுத் தீவனப் புல் பசிபிக்கைக் கடந்து ஆசியாவுக்குப் போவது கட்டுப்படியாகிறது. அந்த வருடம் கப்பல்காரர்கள் அமெரிக்க விவசாயியின் சரக்குக்குக்கூடக் காத்திராமல் காலிப் பெட்டியோடு ஆசியாவுக்கு ஓடினார்கள். அது வாஷிங்டன் வரை போய் 2022 ஜூனில் சட்டமே வந்தது.

உங்களுக்கு என்ன செய்யலாம்? குறுக்குவழி யோசிக்காதீர்கள், நான் யோசித்துப் பார்த்தாயிற்று. ஆஸ்டின் வண்டியை எடுத்துக்கொண்டு போய் சான் ஹோசேயில் சாமான் ஏற்றித் திரும்ப வந்தால்? அது ஒன் வே இல்லை, உள்ளூர் வாடகை. மைலுக்கு ஒரு டாலர் பக்கம் போடுவார்கள், 3,400 மைல். பெட்ரோலையும் சேர்த்தால் முதல் விலையே தேவலை.

உருப்படியானது தேதி. மாதக் கடைசி, அதுவும் ஜூன் 30, எல்லோருடைய லீஸும் முடிகிற நாள். மாத நடுவில் ஒரு புதன்கிழமை போட்டுப் பாருங்கள். எடுக்கும் இடத்தைச் சுற்றுப்பட்ட ஊர்களுக்கு மாற்றிப் பாருங்கள். எனக்குக் கில்ராய் தண்டனையாக வந்தது, நீங்களாகவே தேடிப்போனால் சில நேரம் மலிவு. யூ-ஹால், பென்ஸ்கி, பட்ஜெட் மூன்று கம்பெனியிலும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவரிடம் வறண்டு கிடக்கும் ஊரில் இன்னொருவரிடம் வண்டி தேங்கி நிற்கலாம். ஒப்பிடும்போது மைலையும் பாருங்கள்: பென்ஸ்கி ஒன் வே என்றால் மைல் வரம்பு இல்லை, யூ-ஹாலில் இத்தனை நாள், இத்தனை மைல் என்று கொடுப்பார்கள், தாண்டினால் தனிக் காசு. சொன்ன இடத்தில் விடாமல் வேறு இடத்தில் விட்டாலும் கேட்பார்கள். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

அதைவிட முக்கியம், சாமானைக் குறையுங்கள். இந்தத் திசையில் ஒவ்வொரு அடிக்கும் காசு. அந்த ட்ரெட்மில்லை விற்றிருந்தால் எனக்கு 20 அடி வண்டியே போதுமாயிருந்திருக்கும். கண்ணாடித்தாளில் சுற்றி, 1,700 மைல் தூக்கி வந்தேன். இப்போது ஆஸ்டின் வீட்டில் அதில் ஈரத் துண்டு காய்கிறது.