தென்னை ஏறப் பழகுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

நின்று ஏறும் மெஷின், உட்கார்ந்து ஏறும் மெஷின், புதியவனுக்கு எது நல்லது? (பேராவூரணி)

நின்று ஏறுவது எடை குறைவு, வேகம் அதிகம். ஆனால் முதல் பத்து நாள் தொடை நடுங்கும். உட்கார்ந்து ஏறுவது நிதானம். வயதானவர்களுக்கும் உயரம் பார்த்தால் தலை சுற்றுகிறவர்களுக்கும் அதுதான். கடையில் பெட்டியைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள். பக்கத்துத் தோப்பில் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கி, பத்தடி ஏறி இறங்கிவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கும்போது கம்பி வடம் உங்கள் மரத்தின் பருத்த அடியைச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். வடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் வேண்டாம்.

நல்ல பெல்ட் ஒன்று சொல்லுங்கள். விலையும் சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

உங்கள் எடை என்ன? ஏறப்போவது தென்னையா, பனையா, மாமரமா? ஒன்றும் எழுதாமல் பெல்ட் மட்டும் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

இடுப்பு பெல்ட் போதாதா? மலிவாகக் கிடைக்கிறது. (மன்னார்குடி)

போதாது. வழுக்கினால் முழு எடையும் இடுப்பில் இறங்கும். முதுகெலும்பு அடிபடும், தலைகீழாகக் கவிழவும் கூடும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வாங்குங்கள். பெல்ட்டில் தைத்த சீட்டில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் அச்சாகியிருக்க வேண்டும். அதன் கொக்கியை மெஷினில் மாட்டாதீர்கள். மெஷின் சறுக்கினால் பெல்ட்டும் கூடவே வரும். மரத்தைச் சுற்றித் தனிச் சுருக்கு, இழுத்தால் இறுகுவது, அதில்தான் மாட்ட வேண்டும்.

போர் மோட்டார் இறக்கிய நைலான் கயிறு 80 அடி சும்மா கிடக்கிறது. மோட்டாரையே தாங்கியது என்னைத் தாங்காதா? (பட்டுக்கோட்டை)

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. ஒவ்வொரு முறையும் ரத்தம் கொதிக்கிறது. மோட்டார் ஆடாமல் அசையாமல் தொங்குகிறது. நீங்கள் விழுவீர்கள். நாலடி விழுந்து சட்டென்று நிற்கும்போது கயிற்றில் விழும் இழுப்பு உங்கள் எடையைப் போலப் பல மடங்கு.

அதோடு, கடைக்காரர் 'நைலான்' என்று தருவதில் பாதி நைலானே அல்ல, பாலிப்ரொப்பிலீன். வெயில் அதைத் தின்றுவிடும். வழுவழுப்பானது என்பதால் முடிச்சும் நழுவும். உங்கள் கயிற்றை முறுக்குப் பிரித்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூளும் முள் மாதிரி இழையும் கையில் ஒட்டினால், அந்தக் கயிறு செத்துப்போனது. என் கொட்டகையில் கிடந்த அப்படி ஒரு கயிற்றில் 50 கிலோ மணல் மூட்டையைக் கட்டி, உத்தரத்திலிருந்து விழவிட்டேன். முடிச்சு விழுந்த இடத்தில் படக்கென்று அறுந்தது. பக்கத்தில் நின்ற என் பையன் அதன்பிறகு ஒரு வாரம் மரத்தின் பக்கம் போகவில்லை.

மையமும் உறையும் தனித்தனியாக நெய்த, 11 மி.மீ. ஏறுகயிறு வாங்குங்கள். உறை கிழிந்து உள்வெள்ளை தெரிந்த அன்றே ஓய்வு கொடுங்கள். முழுசாக எறியாதீர்கள், எவனாவது எடுத்து ஏறுவான். துண்டு துண்டாக வெட்டி மாடு கட்டப் பயன்படுத்துங்கள். மிச்சக் காசு பார்க்கிற இடம் இதில்லை. ஆயிரம் ரூபாய் மெஷினில் குறைத்துக்கொள்ளுங்கள், கயிற்றில் குறைக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: கொக்கியை மெஷினில் மாட்டாதீர்கள்.

பைக் ஹெல்மெட் போடலாமா? (கும்பகோணம்)

அண்ணாந்து பார்க்க முடியாது, கீழே நிற்பவர் கூப்பிடுவதும் கேட்காது. தாடை வார் உள்ள வேலை ஹெல்மெட்தான். வார் இல்லாவிட்டால் குனிந்ததும் அது உங்களுக்கு முன்னால் தரைக்குப் போய்விடும்.

அடியில் செந்நிறச் சாறு வடிகிற மரத்தில் ஏறலாமா? காய் நிறைய இருக்கிறது. (ஒரத்தநாடு)

எந்த மெஷின் வைத்திருந்தாலும் ஏறாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது தஞ்சாவூர் வாடல் நோய் போலத் தெரிகிறது. 1952-இல் நம் மாவட்டத்தில் முதலில் பார்த்ததால் அந்தப் பெயர். பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் அழுக வைக்கும், மேலே கொண்டை ஆரம்பத்தில் பச்சையாகவே இருக்கும். காயைத் தொரட்டியில் பறியுங்கள். 2018 கஜா புயலில் பாதி சாய்ந்து நிமிர்ந்த மரங்களுக்கும் இதே பதில். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.

தென்னை மெஷினை வைத்துப் புளியமரம் ஏறலாமா? (வேதாரண்யம்)

முதல் கிளை வரைக்கும்கூட ஏறாது. அது கிளையில்லாத, உருண்ட ஒற்றை மரத்துக்கானது.

பெல்ட்டை எங்கே வைப்பது? (திருவையாறு)

நெல் மூட்டை அறையில் வைக்காதீர்கள், எலி கடிக்கும். உரம், மருந்து, பேட்டரிப் பக்கமும் வேண்டாம். வார் அரிக்கப்பட்டது கண்ணுக்குத் தெரியாது. நிழலில் தொங்கவிடுங்கள், ஏறுமுன் ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பாருங்கள்.

பயிற்சி இல்லாமல் நாமே பழகிக்கொள்ளலாமா? (நீடாமங்கலம்)

உங்கள் ஊரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, ஐயா! அங்கே போய்க் கேளுங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இலிருந்து மரம் ஏறப் பயிற்சி தருகிறது, ஏறக்குறைய ஒரு வாரம். தனியே ஏறவே ஏறாதீர்கள். பெல்ட்டில் அரை மணி தொங்கினாலே காலில் ரத்தம் தேங்கி உயிருக்கு ஆபத்து. இறக்கிவிடத் தெரிந்த ஒருவர் கீழே இருக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டு நிற்பவர் வேண்டாம்.

மழைக்கு மறுநாள் ஏறலாமா? (திருத்துறைப்பூண்டி)

மரம் காயட்டும். பாசி படிந்த பக்கம் வெயில் வந்தாலும் இரண்டு நாள் வழுக்கும்.