மச்சாளிடம் சிரித்துவிட்டு வந்தீர்களே!

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் ஆசிரியை நான். இந்த முறை சாதாரண தரப் பரீட்சைக்குப் பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு நிலையத்தில், மண்டபத்தில் நின்று பிள்ளைகளைக் கண்காணிக்கும் நோக்குநராகப் போட்டிருக்கிறார்கள். காலையில் போனால் பின்னேரம்தான் வீடு. மாமியார் முணுமுணுக்கிறார். கொடுப்பனவு கைக்கு வர எவ்வளவு நாள் எடுக்குமோ தெரியாது. மச்சாளின் மகனுக்கும் அதே மண்டபம்தான். 'கணக்கில கொஞ்சம் வீக், பார்த்துக்கொள்ளுங்கோ' என்றா. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் யாருடைய மனமும் நோகாமல் இந்தக் கடமையில் இருந்து எப்படி விலகுவது?

பதில்: தங்கச்சி, மாமியார், நேரம், கொடுப்பனவு எல்லாவற்றையும் எழுதிவிட்டு, இடையில் ஒரு வரியில் மச்சாளை வைத்துவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். நான் தாண்டப் போவதில்லை.

ஏன் சிரித்தீர்கள்? மச்சாள் பகிடியா விட்டா? கணிதம் இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம். அவ்வளவு நேரமும் அந்தப் பெடியன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். 'மாமி நிற்கிறா, ஏதாவது செய்வா' என்று அவனுடைய அம்மா வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருப்பா. உங்கள் சிரிப்பை அவ சம்மதமாக எடுத்திருக்கிறா. நீங்கள் ஒன்றும் செய்யாமல் நின்றாலும் பிறகு பெறுபேறு சரியில்லாவிட்டால் பழி உங்கள் தலையில்தான். ஏதாவது செய்தால் அவனுடைய பெறுபேறும் நிறுத்தப்படலாம், உங்கள் வேலையும் போகலாம். பொதுப் பரீட்சைகள் சட்டம் 1968 இலிருந்தே இருக்கிறது, அதை நான் உங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

2024 செப்டெம்பரில் நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பாருங்கள். முதலாம் பத்திரத்தின் 3 கேள்விகள் முன்கூட்டியே வெளியே போனதால் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த 3 கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வரும்போது வருடமே முடிந்துவிட்டது. 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சின்னப் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். அதுவும் எங்கேயோ ஒரு பெரியவர் 'கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்' என்று நினைத்ததில்தான் தொடங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

நீங்கள் விலகத்தான் வேண்டும், ஆனால் நீங்கள் சொல்லும் காரணங்களுக்காக அல்ல. மாமியாரைச் சாட்டி, தெரிந்த டொக்டரிடம் மெடிக்கல் எடுத்து நழுவ வேண்டாம். 'நெருங்கிய உறவுப் பிள்ளை இந்த நிலையத்தில் தோற்றுகிறான், என்னை வேறு நிலையத்துக்கு மாற்றுங்கள்' என்று எழுதி, அவனுடைய சுட்டெண்ணையும் போட்டு, உங்கள் அதிபர் மூலம் அனுப்புங்கள். ஒரு பிரதியை நிலைய மேற்பார்வையாளருக்கும் கொடுங்கள். வேறு நிலையம் தந்தால் முகம் சுளிக்காமல் போங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் மண்டபத்திலும் யாரோ ஓர் ஆசிரியை வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்துதானே நிற்கிறா?

அப்புறம் மச்சாளிடம் நேரே போங்கள், போனில் வேண்டாம். சிரித்தது பிழை என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். அந்தப் பெடியனுக்கு நீங்கள் மாமி என்பது உண்மையென்றால் பரீட்சைக்கு இன்னும் இருக்கிற நாட்களில் பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பழைய வினாத்தாள்களைச் செய்விக்கலாமே. கணிதத்தில் சித்தியடைய 35 புள்ளி போதும். மண்டபத்துக்குள் ஒரு விடையைக் காட்ட யோசிக்கிற குடும்பம், வெளியே ஒரு மணித்தியாலம் இருந்து சொல்லிக் கொடுக்க யோசிக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

மாமியாரின் முணுமுணுப்பா? அவருடைய மகன், அதாவது உங்கள் கணவர், கடிதத்தில் ஓர் இடத்திலும் வரவில்லை. தாய்க்கு மத்தியானச் சோறு போட்டுக் கொடுக்க அவருக்கும் இரண்டு கை இருக்கிறது. அவரிடம் இன்றிரவே சொல்லுங்கள், அதிபருக்கான கடிதத்தை நாளைக் காலை கொடுங்கள். பரீட்சை தொடங்கிய பிறகு கொடுத்துப் பிரயோசனமில்லை.