அருவாள், நாட்டு வெடிகுண்டு வழக்குகளில் லேப் ரிப்போர்ட் ஏன் 'முடிவு தெரியவில்லை' என்று வருகிறது?

திருநெல்வேலிப் பக்கத்து வழக்குகளை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். லேப்பைத் திட்டுவதற்கு முன்னால், லேப்புக்குப் போன பார்சலைப் பார்க்க வேண்டும். வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் நெல்லையிலேயே இருக்கிறது. ஆனால் பொருளில் எது மிச்சமிருக்கிறதோ அதைத்தான் அங்கே சொல்ல முடியும்.

முதலில் அருவாள். அலகில் பளிச்சென்று தெரியும் கறையை எல்லோரும் பார்ப்பார்கள். உண்மையில் ரத்தம் தங்குவது, இரும்பு மரக்காம்புக்குள் இறங்குகிற பூண் இடுக்கில்தான். வாய்க்காலில் அலசினாலும் அங்கே ஊறி நிற்கும். அதனால் ஸ்டேஷனில் காம்பைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. ஈரம் காயாமல் பாலிதீன் பையில் கட்டி, சித்திரை வெயிலில் இரண்டு நாள் ஜீப்பிலும் ஸ்டேஷனிலும் கிடந்தால் உள்ளே வேர்த்து, கிருமி பெருகி, டிஎன்ஏ சிதைந்துபோகும். பிறகு 'ரத்தம் உண்டு, குரூப் முடிவு தெரியவில்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும். நிழலில் உலர்த்தி, பிரவுன் பேப்பரில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் ஆடாதபடி கட்ட வேண்டும். ஒரு அருவாளுக்கு ஒரு பெட்டி. மூன்று அருவாளை ஒரே சாக்கில் போட்டால் ஒன்றின் ரத்தம் இன்னொன்றில் ஒட்டும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

மண் எடுக்கும்போது கறை படிந்த மண்ணோடு கறை படியாத மண்ணும் தனியாக வேண்டும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மண்ணில் கறை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. உடல் கிடந்த இடத்தைப் படத்தில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து அள்ள வேண்டும். பிரேதப் பரிசோதனையில் ஒப்பீட்டுக்கான ரத்தத்தைச் சுத்தமான காஸ் துணியில் நனைத்து உலர்த்தி வாங்கிவிடுவது நல்லது. டிஎன்ஏவுக்கான திசுவை ஃபார்மலினில் போட்டால் வேலை கெட்டது.

தாமிரபரணியில் வீசி நாலு நாள் கழித்து எடுத்த அருவாளில் ரத்தத்தை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அங்கே வழக்கைத் தாங்குவது வேறு: குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன தகவலால்தான் பொருள் கிடைத்தது என்பதற்கான வாக்குமூலப் பகுதி (பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 27, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் பிரிவு 23), கைப்பற்றியதை எழுதும் மகஜரில் விஏஓ கையெழுத்து, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) பிரிவு 105 கேட்கும் வீடியோ.

வெடிகுண்டில் எல்லாமே தலைகீழ். ரத்தத்துக்குக் காற்று வேண்டும். வெடிமருந்து எச்சத்துக்குக் காற்றுப் புகவே கூடாது. சில மருந்துகளின் ஆவி சாதாரணப் பாலிதீன் வழியாகவே கசியும். நைலான் பையோ, புதிதாக வாங்கிய மூடி இறுகும் கண்ணாடிப் பாட்டிலோ வேண்டும். கிடைத்ததிலேயே தூரமான துண்டு 20 மீட்டரில் என்றால், மையத்திலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கயிறு கட்ட வேண்டும். ஒன்றரை மடங்கு என்பது கணக்கு. தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்துவிட்டால் வெடிமருந்து உப்புகளான குளோரேட்டும் நைட்ரேட்டும் கரைந்து ஓடிவிடும். அணைத்த பிறகு வழிந்தோடும் நீரையாவது பிடித்து வையுங்கள். காயம்பட்டவர் உடம்பிலிருந்து டாக்டர் எடுத்த ஆணி, கண்ணாடித் துண்டு, சணல் நூல் எதையும் குப்பையில் போடவிடக் கூடாது.

இன்னொரு சிக்கல்: வெடித்த பின் குளோரேட் பெரும்பாலும் குளோரைடாகிவிடும். குளோரைடு என்றால் சாப்பாட்டு உப்பிலும் இருக்கிறது. நைட்ரேட் வயலில் போட்ட உரத்திலும் இருக்கும். கோயில் கொடைக்கு வேட்டுப் போட்ட மைதானமென்றால் பட்டாசு எச்சமே கிடைக்கும். அதனால் வெடி படாத தள்ளிய இடத்து மண்ணும் சேர்த்து அனுப்பாவிட்டால் முடிவுக்கு மதிப்பில்லை. இந்த ஒரு மாதிரியைத்தான் பலர் மறக்கிறார்கள்.

வெடிக்காத குண்டை யாரும் தொடக் கூடாது. உரசலே அதற்குப் போதும். வாளித் தண்ணீரில் போடுவதற்குத் தூக்குவதுகூட ஆபத்துதான். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வந்து பிரித்த பின், கொஞ்சம் மாதிரி மட்டும் கோர்ட் கடிதத்தோடு லேப்புக்குப் போகும். மீதியைக் கோர்ட் அனுமதியோடு, படம்பிடித்து அழிப்பார்கள்.

மலையடிவாரத்தில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாக. குழலுக்குள் வரிப்பள்ளம் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளம்) கிடையாது, ஆகவே 'இந்த ரவை இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தது' என்று பொதுவாகச் சொல்ல முடியாது. சுட்ட நிலையில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று சொல்வார்கள். தோட்டா போடும் வகையென்றால் காலித் தோட்டாவில் ஊசி பட்ட தடத்தை ஒப்பிடலாம். கைப்பற்றியதும் குழலைத் துடைக்காதீர்கள், கம்பி விட்டுப் பார்க்காதீர்கள்.

கடிதத்தில் 'ஆய்வு செய்து அறிக்கை தரவும்' என்று மட்டும் எழுதினால் பதிலும் அந்த அளவில்தான் வரும். 'இது வெடிபொருளா? உயிருக்கு ஆபத்து விளைவிக்குமா? சம்பவ இடத்துச் சணல் நூலும் வீட்டில் எடுத்த சணல் நூலும் ஒரே வகையா?' என்று எண்ணிட்டுக் கேளுங்கள். 1908 வெடிபொருட்கள் சட்டப்படி கோர்ட்டில் விசாரணை நடத்தக் கலெக்டர் இசைவு வேண்டும் (பிரிவு 7). லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வழக்குக்கும் ஆயுதச் சட்டம் பிரிவு 39இன்படி கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். கலெக்டர் ஆபீஸ் முதலில் கேட்பது லேப் ரிப்போர்ட்டைத்தான். அதனால் பார்சல் ஒரு மாதம் ஸ்டேஷன் அலமாரியில் தூங்கினால், கோப்பும் அத்தனை நாள் தூங்கும்.